2018 எக்கோஸ்போர்ட் டீசல், 72,000 கிலோமீட்டர், 6.10 லட்சம்: வாங்கலாமா?

திருநகர் வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். மதுரை திருநகரில் குடியிருக்கிறேன், உசிலம்பட்டியில் பள்ளி ஆசிரியர் வேலை. தினமும் போக வர 75 கிலோமீட்டருக்குக் கிட்டே ஆகிறது. இத்தனை வருடம் பஸ்தான். வீட்டில் பழைய ஆல்ட்டோ ஒன்று இருக்கிறது, அது ஞாயிற்றுக்கிழமை எழுமலைக்குப் போய் அப்பாவைப் பார்த்து வருவதற்கு.

இப்போது கார் மாற்ற நினைப்பதே அப்பாவுக்காகத்தான். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டது. ஆல்ட்டோவில் உட்காருவது கூடப் பரவாயில்லை, இறங்கும்போது இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. போன மாதம் ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது, "இனிமே என்னை இதுல ஏத்தாதப்பா, வலிச்சா இங்கேயே மாத்திரை போட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். சீட் கொஞ்சம் உயரமாக இருக்கிற வண்டி வேண்டும். மடக்கும் சக்கர நாற்காலியும் பின்னால் போக வேண்டும்.

காளவாசல் பக்கம் பழைய கார் விற்கும் ஒருவரிடம் ஃபோர்டு எக்கோஸ்போர்ட் 1.5 டீசல், டைட்டானியம் வேரியன்ட் பார்த்தேன். 2018 நவம்பர் பதிவு, டிஎன்-59 (மதுரை எண்), இரண்டாவது ஓனர். மீட்டரில் 72,000. 6.10 லட்சம் சொல்கிறார், 5.80க்கு இறங்குவார் போலத் தெரிகிறது. வண்டி பளபளவென்று இருக்கிறது. கம்பெனியே இந்தியாவில் உற்பத்தியை நிறுத்திவிட்டதே என்பது ஒன்றுதான் பயம். உங்கள் கருத்து வேண்டும்.

ஆனையூர்க்காரன்:

சார், வேண்டாம். 2021 செப்டம்பரில் நிறுத்துகிறோம் என்று அறிவித்த கம்பெனி. உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில் வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவீர்கள்? மாருதி விட்டாரா பிரெஸ்ஸா டீசல் பாருங்கள். 1.3 இன்ஜின், 90 குதிரைத்திறன், வால்வுகளை ஓட்டுவது பெல்ட் இல்லை, டைமிங் செயின். அந்த இன்ஜினைத் திறந்து பார்க்காத மெக்கானிக் தென் மாவட்டத்திலேயே கிடையாது. உங்களுக்கு அப்பாவை வைத்துக்கொண்டு போகிற வண்டி. இதில் துணிச்சல் காட்ட வேண்டாம்.

மேலூர் எக்கோ:

ஒன்பது வருடமாக எக்கோஸ்போர்ட் டீசல் ஓட்டுகிறேன். ஆனையூர் அண்ணன் சொல்வதில் பாதி சரி, பாதி சரியில்லை.

உற்பத்தியை நிறுத்தினார்கள், ஆனால் சர்வீஸும் உதிரிபாகமும் தொடரும் என்று அன்றைக்கே சொன்னார்கள். எனக்கு ஃபில்டர், பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ் எதற்கும் காத்திருக்க வேண்டி வரவில்லை. இதே 1.5 டீசல் இன்ஜின் ஃபோர்டின் ஃபிகோவிலும் ஆஸ்பயரிலும் ஃப்ரீஸ்டைலிலும் இருக்கிறது. அவ்வளவு வண்டி ரோட்டில் ஓடும்வரை இன்ஜின் சாமானுக்குப் பஞ்சம் வராது. வெளிக் கம்பெனிச் சாமானும் கிடைக்கிறது.

கவலைப்பட வேண்டியது உடம்புப் பாகங்களுக்கு. முன் பம்பர், ஹெட்லைட், பின் லைட், கதவுக் கைப்பிடி எல்லாம் இந்த வண்டிக்கென்றே செய்தவை, ஃபிகோவில் இருந்து எடுத்து மாட்ட முடியாது. 2017 நவம்பரில் முகப்பு மாறியதால் பழைய மாடலில் இருந்தும் முன்பக்கச் சாமானை எடுக்க முடியாது. அதனால் இன்ஷூரன்ஸை மூன்றாம் நபர் பாலிசியோடு நிறுத்திவிடாமல் முழுசாகப் போடுங்கள்.

இன்னொரு விஷயம். உங்கள் அப்பாவின் நாற்காலியைப் பின்னால் வைக்க வேண்டும் என்றீர்கள். இதன் பின்கதவு மேலே தூக்காது, பக்கவாட்டில் திறக்கும். கீல் இடது பக்கம், கைப்பிடி வலது பின் லைட்டோடு சேர்ந்து இருக்கும். ரோட்டின் இடது ஓரம் நிறுத்தினால், திறந்த கதவு நடைபாதைப் பக்கம் மறைத்துக்கொண்டு நிற்கும், நாற்காலியை நீங்கள் ரோட்டுப் பக்கமாகச் சுற்றி வந்து இறக்க வேண்டும். பின்னால் இன்னொரு வண்டி ஒட்டி நின்றால் கதவே திறக்காது. எழுமலையில் உங்கள் வீட்டுத் தெரு எவ்வளவு அகலம்?

திருநகர் வாத்தியார்:

தெரு குறுகல்தான் அண்ணே. ஒரு மாட்டு வண்டி நின்றால் இன்னொன்று போகாது. கதவு விஷயம் என் கண்ணில் படவே இல்லை, நன்றி. பிரெஸ்ஸா டீசலும் பார்த்தேன். அதே வருடத்து வண்டி ஒரு லட்சத்துக்கு மேல் கூடச் சொல்கிறார்கள், நான் வைத்திருப்பது 6 லட்சம்தான்.

வைகைக்கரை:

டீசல் உங்களுக்குச் சரிதானா என்று முதலில் பார்ப்போம். பள்ளிக்கு மாதம் 1,650, ஊருக்கும் மற்றதற்கும் சேர்த்து 2,000 கிலோமீட்டர் என்று வையுங்கள். டீசல் வண்டி லிட்டருக்கு 18 கொடுத்து, விலை 93 என்றால் மாதம் சுமார் 10,300 ரூபாய். பெட்ரோல் வண்டி 13.5 கொடுத்து, விலை 101 என்றால் சுமார் 15,000. மாதம் 4,700 வித்தியாசம், வருடத்துக்கு அரை லட்சத்துக்கு மேல். உங்கள் ஓட்டத்துக்கு டீசல்தான். செக்கானூரணி தாண்டிவிட்டால் சீரான ஓட்டம் வேறு.

இதே ஆள் ஊருக்குள் சிம்மக்கல்லுக்கும் கோரிப்பாளையத்துக்கும் மட்டும் ஓட்டுகிறவர் என்றால் பெட்ரோல் என்று சொல்லியிருப்பேன். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகை விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் டிபிஎஃப் இருக்கிறது. அந்தக் கரி எரிந்து போக நீண்ட ஓட்டம் வேண்டும், ஊருக்குள்ளேயே சுற்றினால் அடைத்துக்கொள்ளும்.

திருமங்கலம் பட்டறை:

வாத்தியார் சார், 22 வருடமாக டீசல் வேலை பார்க்கிறேன். ஃபோர்டா மாருதியா என்பதற்கு முன்னால், நீங்கள் பார்த்த அந்த ஒரு வண்டி எப்படி இருக்கிறது என்று பேசுவோம். "பளபளவென்று இருக்கிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். பாலிஷ் போட 3,000 ரூபாய் போதும்.

காலையில் சொல்லாமல் போங்கள். போனதும் பானட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்னாலேயே யாரோ ஸ்டார்ட் செய்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். டீசல் இன்ஜின் தன் நோயைக் குளிர்ந்த நிலையில்தான் காட்டும். முதல் ஸ்டார்ட்டில் ஒரு கணம் கரும்புகை வந்து நின்றால் பயப்பட வேண்டாம். நீலப்புகை நிற்காமல் வந்தால் ஆயில் எரிகிறது. வெண்புகை விடாமல் வந்தால் இன்ஜெக்டரோ கூலண்டோ, எதுவானாலும் செலவு பெரிது.

ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதை அப்படியே வாய்மேல் வைத்துப் பாருங்கள். மூடி குதித்துக் குதித்து, புகை கையில் அடித்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. அப்புறம் ஓட்டும்போது நான்காவது கியரில் மெதுவாகப் போய் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்துவிட்டது. ஒரு வேகத்தடையில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஏறி இறங்குங்கள், முன்னால் 'டொக்' என்று கேட்கிறதா பாருங்கள். பின்கதவில் ஸ்டெப்னி தொங்குவதால் அந்தப் பாரம் முழுவதும் கீலில்தான் விழும். திறந்து மூடும்போது கதவு தொய்ந்து உரசுகிறதா என்றும் பாருங்கள்.

முக்கியமானது டைமிங் பெல்ட். இந்த டீசலில் செயின் கிடையாது, பெல்ட். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், ஹெட்டையே இறக்க வேண்டி வரும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டரும் கணக்கு, வயசும் கணக்கு. மாற்றியதற்குப் பில் காட்டாவிட்டால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு விலை பேசுங்கள்.

மேலே சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் சர்வீஸ் புத்தகத்தைக் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் ஆர்சி நகலை எடுத்துக்கொண்டு கம்பெனி சர்வீஸ் நிலையத்துக்குப் போய், கடைசியாக எப்போது, எத்தனை கிலோமீட்டரில் வந்தது என்று கேளுங்கள். நல்லபடியாகக் கேட்டால் சொல்வார்கள்.

தெற்குவாசல்:

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். 2023 டிசம்பர் 17, 18இல் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெய்த மழை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அப்போது மூழ்கிய வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விடவில்லை. டிஎன்-59 என்பதால் தப்பித்தோம் என்றும் நினைக்க வேண்டாம், 2024 அக்டோபரில் நம்ம மதுரை செல்லூரிலேயே வண்டிகள் தண்ணீரில் நின்றன.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். உள்ளே சுருண்டிருக்கும் பகுதியை யாரும் கழுவியிருக்க மாட்டார்கள், சேற்றுக்கோடு தெரியும். சீட்டுக்குக் கீழே இருக்கும் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, தரைவிரிப்பைத் தூக்கினால் ஈர வாடை வருகிறதா என்று பாருங்கள். உள்ளே செண்ட் அடித்து வைத்திருந்தால் ஏன் என்று யோசியுங்கள்.

திருநகர் வாத்தியார்:

நேற்றுக் காலை 7 மணிக்கே போய்விட்டேன். திருமங்கலம் அண்ணன் தன் வேலையை விட்டுவிட்டுக் கூடவே வந்தார், அவருக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

பானட் குளிர்ந்திருந்தது. ஸ்டார்ட் நன்றாக இருந்தது, புகை இல்லை. சீட் பெல்ட்டில் சேறு இல்லை. அதுவரை எனக்குச் சந்தோஷம்தான். அண்ணன் மட்டும் கீழே குனிந்து கிளட்ச் பெடல் ரப்பரைத் தடவிப் பார்த்துவிட்டு, பேசாமல் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வரிவரியாக இருக்க வேண்டிய ரப்பர் ஓரத்தில் வழுவழு என்று தேய்ந்திருந்தது. ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இடமும் அப்படித்தான். சர்வீஸ் புத்தகம் கேட்டோம். "முதல் ஓனர் தொலைச்சுட்டார் சார்" என்றார்.

அங்கிருந்து நேராகச் சர்வீஸ் நிலையம். கம்ப்யூட்டரில் எண்ணைத் தட்டிப் பார்த்து, அங்கிருந்த பெண் சொன்னது: கடைசி வருகை 2022 ஆகஸ்ட், அப்போது மீட்டர் 96,300.

மூன்று வருடத்துக்கு முன்னால் 96,300. இன்றைக்கு 72,000.

திரும்பிப் போய் அவரிடமே கேட்டேன். "எங்கிட்ட வரும்போதே அப்படித்தான் சார் இருந்தது" என்றார். கோபத்தை விட எனக்குப் பயம்தான் வந்தது. இந்த இழையில் எழுதாமல் இருந்திருந்தால், பி.எஃப். கடன் போட்டு எடுத்த பணத்தில் அட்வான்ஸ் கொடுத்திருப்பேன்.

ஆனையூர்க்காரன்:

தப்பித்தீர்கள் சார். ஆனால் ஒரு கேள்வி. அண்ணன் பார்த்தவரை இன்ஜின் நன்றாகத்தானே இருக்கிறது? உண்மை ஓட்டம் ஒன்றரை லட்சம் என்று வைத்துக்கொண்டு நான்கே காலுக்குக் கேட்டுப் பார்க்கலாமே.

திருமங்கலம் பட்டறை:

கேட்கக் கூடாது தம்பி. ஒன்றரை லட்சம் என்பது உங்கள் ஊகம், ஒன்று எண்பதாகவும் இருக்கலாம். பெல்ட் எப்போது மாற்றினார்கள், மாற்றினார்களா, கிளட்ச் எத்தனையாவது, கூலண்ட் வற்றி இன்ஜின் எப்போதாவது சூடாகி நின்றதா, ஒன்றுக்கும் பதில் கிடையாது. மீட்டரைத் திருப்பியவர் வேறு எதை மறைத்தார் என்று வண்டியைப் பிரித்தால்தான் தெரியும்.

1,40,000 ஓடி, பில் எல்லாம் கையில் இருக்கிற வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். 70,000 என்று சொல்லி ஒரு காகிதமும் இல்லாத வண்டியை என் பட்டறைக்குள் கொண்டு வரக் கூட வேண்டாம். இந்த டீசலுக்கு நேரத்துக்கு ஆயில் மாற்றியிருந்தால் ஒரு லட்சம் என்பது பாதி வயசு கூட இல்லை. ஓட்டம் குறைவாக இருக்க வேண்டும் என்று வாங்குகிறவர்கள் கேட்பதால்தான் மீட்டரைத் திருப்புகிறார்கள்.

மேலூர் எக்கோ:

வாத்தியார் சார், சொல்லலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். நத்தம் ரோட்டில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் எக்கோஸ்போர்ட்டை விற்கப் போகிறார். அதே 2018, அதே டீசல், டைட்டானியம் பிளஸ், அதாவது ஆறு ஏர்பேக். முதல் ஓனர். ஓட்டம் 1,31,000. மகன் சென்னைக்குப் போய்விட்டதால் வண்டி சும்மா நிற்கிறது. எல்லா பில்லும் ஒரு ஃபைலில் வைத்திருக்கிறார். டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், கிளட்ச் மூன்றும் 1,05,000இல் மாற்றியது. வலது முன் கதவில் நீளமாக ஒரு கீறல், பின் பம்பரில் ஒரு நசுங்கல், இரண்டையும் சரிசெய்யாமல் அப்படியே காட்டுவார். 4.95 சொல்கிறார். எனக்கு இதில் ஒரு பைசா கமிஷன் இல்லை. பார்த்து, பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

திருநகர் வாத்தியார்:

வீட்டம்மா "1,31,000 கிலோமீட்டரா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடவில்லை. திருமங்கலம் அண்ணன் எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டினேன். சரி, பார்க்கலாம் என்றாள்.

கேகேநகர் சுமதி:

சார், நான் வங்கியில் வாகனக் கடன் பிரிவில் இருக்கிறேன். வண்டி பிடித்துவிட்டால் காகிதத்தில் அவசரப்பட வேண்டாம்.

அரசின் பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, எத்தனையாவது ஓனர், இன்ஷூரன்ஸ் எதுவரை, கடன் கொடுத்த வங்கியின் பெயர் இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள். நிலுவையில் இருக்கும் சலானையும் பாருங்கள். பலர் கடனைக் கட்டி முடித்துவிட்டு, ஆர்சியில் வங்கியின் பெயரை நீக்காமலே வைத்திருப்பார்கள். அப்படி இருந்தால் வங்கியின் தடையின்மைக் கடிதமும் படிவம் 35ம் வாங்காமல் முழுப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29ம் 30ம். விற்பவர் கையெழுத்தை உங்கள் கண் முன்னால் வாங்குங்கள்.

இன்ஷூரன்ஸைத்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். மாற்றாமல் ஓட்டி விபத்து நடந்தால், உங்கள் வண்டிச் சேதத்துக்குப் பணம் வராது. அவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருடனே போய்விடும், அதனால் பிரீமியம் கொஞ்சம் கூடும். அந்தத் தொகையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வைகைக்கரை:

சுமதி மேடம் சொன்னதோடு ஒன்று. ஃபாஸ்டேக் அவர் பெயரில் இருக்கும். அதை அவர் மூட வேண்டும், நீங்கள் புதிதாக வாங்க வேண்டும். மூடுவதற்கு முன்னால் அதன் கணக்குப் பட்டியலைக் கேட்டுப் பாருங்கள், தருகிறவராக இருந்தால் தருவார். வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு ஓடியது என்று அதில் தெரிந்துவிடும்.

திருநகர் வாத்தியார்:

வாங்கிவிட்டேன். 4.80க்கு முடிந்தது.

விவரமாக எழுதுகிறேன், இன்னொருவருக்குப் பயன்படும். போனதும் அவர் முதலில் ஃபைலைத்தான் எடுத்து மேசையில் வைத்தார். முதல் சர்வீஸில் இருந்து கடைசிவரை, பஞ்சர் ஒட்டிய சீட்டு உட்பட. சர்வீஸ் நிலையத்தில் போய்ச் சரிபார்த்தேன், எண்கள் ஒத்துப்போயின. ஃபாஸ்டேக் பட்டியலைக் கேட்க எனக்குக் கூச்சமாக இருந்தது, அவர் தானாகவே போனில் திறந்து காட்டினார். அண்ணன் ஓட்டிப் பார்த்துவிட்டு, முன் சஸ்பென்ஷன் புஷ் இரண்டும் ஆறு மாதத்துக்குள் மாற்ற வேண்டும் என்றார். அதைச் சொல்லித்தான் விலை குறைத்தோம். கடன் கட்டி முடித்தும் ஆர்சியில் வங்கியின் பெயர் இருந்தது, சுமதி மேடம் சொன்ன மாதிரியே. அது நீங்கும்வரை 50,000 பாக்கி வைத்தேன், அவரும் ஒத்துக்கொண்டார்.

பணம் கொடுப்பதற்கு முந்தின ஞாயிறு அவரிடம் கேட்டு வண்டியை எழுமலைக்கு எடுத்துப் போனேன், அவரும் கூட வந்தார். அப்பாவை உட்கார வைத்துப் பார்க்காமல் முடிவு செய்ய மனம் வரவில்லை. முன் சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளினோம். அப்பா முதுகை வைத்து உட்கார்ந்து, பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்தார். சீட் அவருடைய இடுப்பு உயரத்துக்குக் கிட்டே வருகிறது. இறங்கும்போது மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானாகவே நின்றார். நான் நீட்டிய கையை வேண்டாம் என்றார்.

பின்கதவு பற்றி மேலூர் அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. தெருவில் நேராகப் போய் நிறுத்தினால் கதவு எதிர்வீட்டுத் திண்ணையில் இடிக்கிறது. தெருமுனையில் திருப்பிப் பின்பக்கமாக உள்ளே வந்து, வாசலுக்கு நான்கு அடி முன்னாலேயே நிறுத்தினால் முழுசாகத் திறக்கிறது, நாற்காலியும் சுலபமாக இறங்குகிறது. மழைக்காலத்தில் அந்தத் தெருவில் ரிவர்ஸ் எடுப்பது சிரமம்தான், பழகிக்கொள்ள வேண்டும்.

ஸ்டெப்னி டயரின் தேதி மட்டும் 2018 என்று இருக்கிறது, ஒரு தடவை கூட இறக்கவில்லை போல. அடுத்த வாரம் அதை மாற்றிவிட்டு அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வருகிறேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.